பேரை மட்டும் அழிச்சா போதுமா? நோயாளி டேட்டாவைத் தொடும் முன் ஒரு பாடம்

இந்த வருஷ ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் தலைப்புகளை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். சர்க்கரை நோயாளியின் கண் படத்தைப் பார்த்து பாதிப்பைச் சொல்லும் மாடல், ஈசிஜியை வகை பிரிக்கும் மாடல், ஆஸ்பத்திரி டோக்கன் ஆப் என்று எப்படியும் சில இருக்கும். கோயம்புத்தூரில் ஆஸ்பத்திரிக்குப் பஞ்சமில்லை. டீமில் யாருக்காவது ஒரு டாக்டரையோ லேப்காரரையோ தெரிந்திருக்கும். "டேட்டா நான் வாங்கித் தர்றேன்ப்பா. பேரை மட்டும் அழிச்சிட்டா போதும்" என்று ஒருவர் சொல்வார். எல்லோரும் தலையாட்டுவோம்.

அந்தப் பேச்சில் இரண்டு சிக்கல் இருக்கிறது. பேரை அழித்தால் மட்டும் போதாது. அதோடு, அந்த டேட்டா டாக்டருடைய சொத்தும் இல்லை, அவர் நினைத்தபடி எடுத்துத் தர. ஏன் என்று சட்டத்தையும் கொஞ்சம் டெக்னிக்கலையும் வைத்துப் பார்த்துவிடலாம். பயப்பட வேண்டாம், செக்‌ஷன் நம்பரை மனப்பாடம் பண்ணச் சொல்லப்போவதில்லை.

1. பக்கத்து ஊரில் நடந்தது

2022 டிசம்பரில் கிளவுட்செக் என்ற சைபர் பாதுகாப்பு நிறுவனம் ஒரு செய்தியை வெளியிட்டது. தமிழ்நாட்டு ஆஸ்பத்திரி ஒன்றின் சுமார் 1.5 லட்சம் நோயாளிகளின் விவரம் டெலிகிராம் சேனல்களிலும் சைபர் குற்றவாளிகள் கூடும் தளங்களிலும் விற்பனைக்கு வந்திருந்தது. விற்றவர்கள் மாதிரிக்குக் கொஞ்சம் டேட்டாவைக் காட்டியிருந்தார்கள். அதிலிருந்த டாக்டர்களின் பெயர்களை வைத்து, இது திருப்பூர் ஸ்ரீ சரண் மெடிக்கல் சென்டரின் டேட்டா என்று கிளவுட்செக் அடையாளம் கண்டது. நோயாளி பெயர், காப்பாளர் பெயர், பிறந்த தேதி, முகவரி, பார்த்த டாக்டரின் விவரம் எல்லாம் அதில் இருந்தன.

விலை 100 டாலர். தனக்கு மட்டும்தான் வேண்டும் என்றால் 300, வாங்கி மறுபடி விற்பதென்றால் 400. அன்றைய மதிப்பில் 100 டாலர் எட்டாயிரத்துச் சொச்சம் ரூபாய். ஒன்றரை லட்சத்தால் வகுத்துப் பாருங்கள்: ஒரு நோயாளிக்கு ஐந்தரை பைசா.

நம்மைப் போன்றவர்கள் இந்தச் சம்பவத்தில் கவனிக்க வேண்டியவை இரண்டு.

முதலாவது, டேட்டா போன வழி. கிளவுட்செக் கணிப்புப்படி அது ஆஸ்பத்திரியின் சர்வரிலிருந்து நேராகப் போகவில்லை. த்ரீ கியூப் ஐடி லேப் என்ற வெளி நிறுவனத்தின் சிஸ்டத்திலிருந்து போயிருக்கிறது. நாளைக்கு நீங்கள் சரவணம்பட்டியிலோ பீளமேட்டிலோ ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்து ஆஸ்பத்திரிக்கு பில்லிங் மாட்யூல் எழுதினால், அந்த "வெளி நிறுவனம்" நீங்கள்தான்.

இரண்டாவது, டேட்டாவின் வயது. 2022-ல் விற்பனைக்கு வந்த மாதிரியில் இருந்தவை 2007 முதல் 2011 வரையிலான பதிவுகள். அழிக்காமல் எங்கேயோ கிடந்த பழைய டேட்டா பத்து வருஷம் கழித்தும் சந்தைக்கு வரும்.

2. யாருக்கு என்ன நஷ்டம்?

"எனக்குத் தைராய்டு இருக்குன்னு எவனோ ஒருத்தன் தெரிஞ்சுகிட்டா என்ன ஆகிடும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

முதல் நஷ்டம் காசு. எந்த ஆஸ்பத்திரியில் எந்தத் தேதியில் என்ன ஆபரேஷன் என்று தெரிந்தவன் உங்கள் அப்பாவுக்கு போன் போட்டு, "சார், உங்க கிளெய்ம் பாக்கித் தொகை வந்திருக்குது, ஓடிபி சொல்லுங்க" என்றால் அவர் நம்பிவிடுவார். விவரம் அவ்வளவு சரியாக இருக்கும்.

இரண்டாவது நஷ்டத்துக்கு ஹேக்கரே தேவையில்லை. கொங்குப் பக்கம் உறவும் ஊரும் எவ்வளவு நெருக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். வரன் பார்க்கும் நேரத்தில் "அந்தப் புள்ளைக்கு வலிப்பு மாத்திரை ஓடுதாமா" என்று லேபில் வேலை செய்யும் ஒருவர் வாயிலிருந்து ஒரு வரி வந்தால் போதும். சம்பந்தம் நின்றுவிடும், காரணத்தையும் யாரும் சொல்ல மாட்டார்கள். காசநோய், மனநல மாத்திரை, கருத்தரிப்பு சிகிச்சை எல்லாமே இந்தப் பட்டியலில் வரும். பாஸ்வேர்ட் வெளியே போனால் மாற்றிக்கொள்ளலாம். வந்துபோன நோயை எப்படி மாற்றுவது?

3. அமெரிக்க நோயாளிக்கு நம்ம ஊர் காவல்

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்யும் இடங்கள் நம் ஊரிலேயே இருக்கின்றன. கோவையில் மெடிக்கல் கோடிங், மெடிக்கல் பில்லிங் கம்பெனிகள் நிறைய. உங்கள் சீனியர்களில் யாராவது அங்கே இருந்தால் கேட்டுப் பாருங்கள். சேர்ந்தவுடன் கிடைக்கும் பயிற்சியில் அடிபடும் முதல் வார்த்தை ஹிப்பா. அமெரிக்கா 1996-ல் கொண்டுவந்த சட்டம் அது. இதன் கீழ் நோயாளி விவரத்தைக் கையாளும் ஆஸ்பத்திரியும் இன்ஷூரன்ஸ் நிறுவனமும் மட்டுமல்ல, அவர்களுக்காக வேலை செய்யும் வெளி நிறுவனமும் பொறுப்பு. வேலைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு விவரத்தை மட்டும்தான் பார்க்கலாம். விவரம் கசிந்தால் பாதிக்கப்பட்டவருக்கு 60 நாளுக்குள் சொல்ல வேண்டும். ஒரே மாநிலத்தில் 500 பேருக்கு மேல் பாதிப்பு என்றால் அங்கத்திய ஊடகத்துக்கும் சொல்ல வேண்டும்.

அதனால்தான் அந்த மாதிரி இடங்களில் செல்போனை வெளியே வைத்துவிட்டு உள்ளே போகச் சொல்கிறார்கள், பென் டிரைவ் போர்ட்டை மூடி வைக்கிறார்கள். ஒஹையோவில் இருக்கும் ஒரு பாட்டியின் மூட்டு ஆபரேஷன் விவரத்துக்கு கோவையில் இத்தனை பூட்டு! அதே ஆபீஸில் வேலை செய்பவரின் சொந்தப் பாட்டியுடைய ஸ்கேன் ரிப்போர்ட், லேபிலிருந்து யாரோ ஒருவரின் வாட்ஸாப் நம்பர் வழியாக வருகிறது. நம் ஆட்களுக்குத் திறமை இல்லாததால் வந்த வித்தியாசம் இல்லை இது. அந்தப் பக்கம் கேள்வி கேட்கும் சட்டம் இருந்தது. இந்தப் பக்கம் அது இப்போதுதான் வந்துகொண்டிருக்கிறது.

4. நம்ம சட்டம் என்ன சொல்கிறது?

2017 ஆகஸ்ட் 24 அன்று, கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ்.புட்டசுவாமி தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அதன் தொடர்ச்சியாக வந்ததுதான் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன. தரவுப் பாதுகாப்பு வாரியம் தொடர்பான பிரிவுகள் உடனே அமலுக்கு வந்தன. நம்மைப் பாதிக்கும் முக்கியமான கடமைகள் 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதம் அமலுக்கு வரும் என்று அறிவித்தார்கள். இடைப்பட்ட காலத்துக்கு ஐடி சட்டத்தின் 43ஏ பிரிவும் 2011 விதிகளும் இருக்கின்றன.

சட்டத்தில் மூன்று பாத்திரங்கள். உதாரணத்தோடு பிடித்துக்கொள்ளுங்கள்:

தரவுக்கு உரியவர்: சிகிச்சைக்கு வந்த நோயாளி.
டேட்டா ஃபிடூஷியரி: அந்தத் தரவை எதற்காக, எப்படிப் பயன்படுத்துவது என்று முடிவு செய்பவர். இங்கே ஆஸ்பத்திரி.
டேட்டா பிராசஸர்: ஃபிடூஷியரிக்காக வேலை செய்பவர். சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்த கம்பெனி.

பிராசஸர் சொதப்பினாலும் வாரியத்தின் முன்னால் பதில் சொல்ல வேண்டியவர் ஃபிடூஷியரிதான். அப்போ கம்பெனி தப்பித்துவிடும் என்று நினைக்காதீர்கள். பிராசஸரோடு போடும் ஒப்பந்தத்திலேயே பாதுகாப்பு ஏற்பாடுகளை எழுதச் சொல்கிறது விதி. ஆஸ்பத்திரி அந்த ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு உங்களிடம் வரும்.

சம்மதம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்குச் சட்டமே ஒரு உதாரணம் தருகிறது. ஒரு டெலிமெடிசின் ஆப், சிகிச்சைக்குத் தேவையான விவரத்தோடு போனில் இருக்கும் கான்டாக்ட் லிஸ்ட்டையும் கேட்கிறது. நோயாளி இரண்டுக்கும் சரி என்று அழுத்திவிடுகிறார். ஆனாலும் அந்தச் சம்மதம் சிகிச்சைக்கு மட்டும்தான் செல்லும். கான்டாக்ட் லிஸ்ட் சிகிச்சைக்குத் தேவையில்லை, ஆகவே அதற்கு அழுத்திய "சரி" செல்லாது. நம்மில் பலர் ஆப் எழுதும்போது "எதுக்கும் இருக்கட்டும்" என்று எல்லா பர்மிஷனையும் கேட்டு வைக்கிறோம் அல்லவா? அந்தப் பழக்கம் இனி ஆகாது.

மற்ற முக்கிய அம்சங்கள் சுருக்கமாக:

சம்மதம் கேட்கும் அறிவிப்பு எளிய மொழியில் இருக்க வேண்டும். ஆங்கிலத்திலோ எட்டாவது அட்டவணை மொழிகளிலோ படிக்கும் வசதி தர வேண்டும். அந்த அட்டவணையில் தமிழ் உண்டு.
கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும்.
உயிருக்கு ஆபத்தான மருத்துவ அவசரத்தில் சம்மதத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.
18 வயது நிரம்பாதவருக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும். முதலாமாண்டில் இருக்கும் 17 வயது தம்பி, தங்கச்சியும் இதில் அடக்கம். சிம்போசியம் ஆப் எழுதுபவர்கள் கவனிக்கவும்.
டேட்டா கசிந்தால் பாதிக்கப்பட்டவருக்குத் தாமதமின்றிச் சொல்ல வேண்டும். வாரியத்துக்கும் உடனே சொல்லி, 72 மணி நேரத்துக்குள் முழு விவரம் தர வேண்டும்.
பாதுகாப்பு ஏற்பாட்டில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். கசிவை மறைத்தால் 200 கோடி வரை.

5. சட்டத்தில் இல்லாதது

சட்டத்தைப் படிக்கும்போது அதில் இருப்பதோடு இல்லாததையும் பார்க்க வேண்டும்.

2011 விதிகளில் மருத்துவ ஆவணம், உடல்நிலை, மனநிலை போன்றவற்றுக்கு "கூடுதல் கவனம் தேவைப்படும் தரவு" என்று தனி இடம் இருந்தது. ஐரோப்பாவின் ஜிடிபிஆர் சட்டத்திலும் அப்படி ஒரு தனி வகை உண்டு. 2023 சட்டத்தில் அது இல்லை. உங்கள் எச்ஐவி பரிசோதனை முடிவும் பிட்சா டெலிவரி முகவரியும் இந்தச் சட்டத்தின் பார்வையில் ஒரே தட்டு. எச்ஐவிக்கும் மனநலத்துக்கும் 2017-ல் வந்த தனித்தனிச் சட்டங்கள்தான் ரகசியத்தைக் காக்கின்றன. கவுன்சலிங் போகத் தயங்கும் நண்பர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, உங்கள் மனநலம் பற்றிய விவரம் ரகசியமாக இருக்கும் உரிமையைத் தருகிறது. சிகிச்சை தருபவர் அதைக் காக்கக் கடமைப்பட்டவர். உயிராபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு.

இன்னொன்று, நஷ்டஈடு. 2024 செப்டம்பரில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் இன்ஷூரன்ஸின் வாடிக்கையாளர் விவரங்கள் டெலிகிராம் சாட்பாட் வழியாக வெளிவந்ததை ராய்ட்டர்ஸ் அம்பலப்படுத்தியது. 3.1 கோடி பேரின் விவரம் தன்னிடம் இருப்பதாக அந்த ஹேக்கர் சொல்லிக்கொண்டார். ராய்ட்டர்ஸ் இறக்கிப் பார்த்த கோப்புகளில் அடையாள அட்டை நகல், பரிசோதனை முடிவு, நோயின் பெயர்கூட இருந்தன. 68,000 டாலர் கேட்டு மிரட்டல் வந்ததை நிறுவனமும் பிறகு சொன்னது. அது சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய் தடை உத்தரவும் வாங்கியது.

இப்படி ஒன்று புதிய சட்டம் முழுதாக அமலான பிறகு நடந்தால், வாரியம் கோடிக்கணக்கில் அபராதம் போடலாம். அந்தப் பணம் இந்திய அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும். விவரத்தைப் பறிகொடுத்தவருக்கு இந்தச் சட்டத்தின் கீழ் ஒரு ரூபாய் கிடையாது. நஷ்டஈட்டுக்கு இடம் தந்த 43ஏ பிரிவும் அப்போது நீங்கிவிடும். எனவே கசிந்த பிறகு பரிகாரம் தேடுவதை நம்பி இருக்க முடியாது. கசியாமல் கட்டுவதுதான் நோயாளிக்குக் கிடைக்கும் உருப்படியான பாதுகாப்பு. அது வக்கீல் கையில் இல்லை, கோடு எழுதும் நம் கையில் இருக்கிறது.

6. பேரை அழித்த பிறகும் யார் என்று தெரியுமா?

தெரியும். 1990களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் தன் ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளைப் பெயர் நீக்கி ஆராய்ச்சிக்குக் கொடுத்தது. அப்போது எம்ஐடியில் மாணவியாக இருந்த லடான்யா ஸ்வீனி, கேம்பிரிட்ஜ் நகரின் வாக்காளர் பட்டியலை 20 டாலருக்கு வாங்கினார். இரண்டையும் பொருத்திப் பார்த்தார். ஆளுநர் வில்லியம் வெல்டின் பிறந்த தேதி அந்த நகரத்தில் ஆறு பேருக்கு இருந்தது. அவர்களில் ஆண்கள் மூன்று பேர். அந்த அஞ்சல் குறியீட்டில் இருந்தவர் ஒருவர்தான். ஆளுநரின் மருத்துவப் பதிவு கைக்கு வந்துவிட்டது. அமெரிக்க மக்களில் 87 சதவீதம் பேரை அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, பாலினம் என்ற மூன்றை மட்டும் வைத்தே தனித்து அடையாளம் காணலாம் என்று அவர் பின்னர் கணக்கிட்டுச் சொன்னார்.

இதை நம் ஊருக்குக் கொண்டுவருவோம். உங்கள் சிஎஸ்வி கோப்பில் பெயர் இல்லை. ஆனால் 641004, பிறந்த தேதி, ஆண் என்று மூன்று காலம் இருக்கிறது. பீளமேட்டில் அதே நாளில் பிறந்த ஆண்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? பிறந்த நாளையோ நாமே இன்ஸ்டாவில் போட்டு வைத்திருக்கிறோம். சின்ன ஊர் என்றால் இன்னும் சுலபம். "சென்னிமலை, 34 வயது, நெசவாளர், ஹீமோபிலியா" என்று ஒரு வரி இருந்தால் அந்த ஊர்க்காரருக்குப் பெயரே தேவையில்லை.

ஹேஷ் பண்ணிவிட்டோம் என்றும் சிலர் சொல்வார்கள். நம் மொபைல் நம்பர் 6 முதல் 9 வரையிலான எண்ணில் தொடங்கும் பத்து இலக்கம். மொத்தமே 400 கோடி சாத்தியங்கள். சால்ட் இல்லாமல் எஸ்எச்ஏ-256 போட்டால், ஒரு கேமிங் லேப்டாப் அத்தனையையும் நிமிஷக் கணக்கில் போட்டுப் பார்த்துவிடும்.

7. ப்ராஜெக்ட் தொடங்கும் முன் செய்ய வேண்டியவை

அ) பொது டேட்டாசெட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கேகிளில் இருக்கும் ஆப்டாஸ் 2019 விழித்திரைப் படங்கள் நம் அரவிந்த் கண் மருத்துவமனை தந்தவை. பயிற்சித் தொகுப்பில் மட்டும் 3,662 படங்கள். தீவிர சிகிச்சைப் பதிவு வேண்டுமென்றால் மிமிக் இருக்கிறது. அதற்கு ஒரு ஆன்லைன் பயிற்சி முடித்து, ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். அந்தப் பயிற்சியே நல்ல பாடம்.

ஆ) ஆஸ்பத்திரி டேட்டாதான் வேண்டும் என்றால் டாக்டரின் வாய்மொழி போதாது. மருத்துவக் கல்லூரிகளிலும் பெரிய மருத்துவமனைகளிலும் எத்திக்ஸ் கமிட்டி இருக்கும். கைடு மூலமாக எழுத்தில் விண்ணப்பியுங்கள். புதிய சட்டம் ஆராய்ச்சிக்கு விலக்கு தருகிறது, ஆனால் நிபந்தனையோடு: தேவையான அளவு தரவு, தகுந்த பாதுகாப்பு, அதோடு அந்தத் தரவை வைத்து குறிப்பிட்ட ஒரு ஆளைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது. உங்கள் மாடல் "இந்த நோயாளிக்கு இது" என்று ஓபியில் சொல்ல ஆரம்பித்தால் ஆராய்ச்சி என்ற விலக்கு நிற்காது.

இ) காலங்களைக் குறையுங்கள். பிறந்த தேதிக்குப் பதில் வயது வரம்பு, பின்கோடுக்குப் பதில் மாவட்டம். தேதிகள் தேவையென்றால் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு ரேண்டம் எண்ணிக்கை நாளை நகர்த்துங்கள். இடைவெளி அப்படியே இருக்கும், உண்மைத் தேதி தெரியாது.

ஈ) படத்தின் உள்ளேயும் பாருங்கள். டைகாம் கோப்பின் ஹெடரில் நோயாளி பெயர், பிறந்த தேதி, ஐடி எல்லாம் உட்கார்ந்திருக்கும். அல்ட்ராசவுண்ட் படத்தில் பெயர் பிக்சலாகவே பதிந்திருக்கும். கோப்பின் பெயரை மாற்றினால் அது போகாது.

உ) "லிங்க் உள்ள யாரும் பார்க்கலாம்" என்று டிரைவில் போடாதீர்கள். கிட்ஹப்பில் ஒருமுறை கமிட் ஆன சிஎஸ்வியை அடுத்த கமிட்டில் நீக்கினாலும் ஹிஸ்டரியில் இருக்கும். ஏஐ சாட்பாட்டில் நோயாளி ரிப்போர்ட்டை ஒட்டி "சம்மரி குடு" என்று கேட்பதும் வெளியே கொடுப்பதுதான்.

ஊ) வைவா முடிந்ததும் அழியுங்கள். நாலு பேர் லேப்டாப்பிலும், பென் டிரைவிலும், வாட்ஸாப் குரூப்பிலும். திருப்பூர் மாதிரியில் இருந்தது பத்து வருஷப் பழைய பதிவு என்பதை நினைவில் வையுங்கள்.

8. நீங்களே வாடிக்கையாளராக நிற்கும்போது

மருந்துக் கடையிலும் துணிக்கடையிலும் "நம்பர் சொல்லுங்க" என்கிறார்கள். பில்லுக்கு மொபைல் நம்பர் கட்டாயம் என்று வற்புறுத்தக் கூடாது என 2023 மே மாதத்திலேயே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை கடைகளுக்கு அறிவுறுத்தியது. "நம்பர் வேண்டாமுங்க, பேப்பர் பில்லே குடுங்க" என்று சொல்லிப் பழகுங்கள். ரசீதை எஸ்எம்எஸ்ஸில் அனுப்பச் சொல்லி நம்பர் கொடுத்தால், ரசீது அனுப்ப மட்டும்தான் அதைப் பயன்படுத்தலாம். 2023 சட்டத்தில் மருந்துக் கடையை வைத்தே இந்த உதாரணம் இருக்கிறது.

நம்பிக் கொடுத்த தனிப்பட்ட விவரத்தைச் சட்டத்துக்குப் புறம்பாக இன்னொருவருக்குக் கொடுப்பது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன்படி முறையற்ற வணிக நடவடிக்கை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. விவரம் கசிந்து பணமும் போயிருந்தால் உடனே 1930.

உங்கள் மருத்துவப் பதிவைக் கேட்டு வாங்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. 2002-ன் மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும்.

தேர்வில் வராத நான்கு கேள்விகள்

1. உங்கள் ப்ராஜெக்ட் டேட்டாவில் ஃபிடூஷியரி யார், பிராசஸர் யார்?
2. பெயர் நீக்கிய உங்கள் கோப்பை உங்கள் ஊர்க்காரர் ஒருவரிடம் கொடுத்தால், எத்தனை பேரை அவர் அடையாளம் சொல்வார்?
3. போன வருஷ சீனியர் டீமின் டேட்டா இப்போது எங்கெங்கே இருக்கிறது?
4. அந்தக் கோப்பில் ஒரு வரி உங்கள் அம்மாவுடையது என்றால், எந்தக் காலத்தை முதலில் நீக்குவீர்கள்?

நாலாவது கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டால், மிச்சம் இருக்கும் எல்லா வரிகளுக்கும் அதையே செய்யுங்கள்.